நாற்பது ஜிபியில் ஒரு பெயர்

பெரிய டேட்டாபேஸ் ஃபைலை இங்கிருந்து அங்கே கொண்டு சேர்ப்பதும் ஒரு பிழைப்பு. சேராவிட்டால் திட்டு நமக்கு, சேர்ந்துவிட்டால் பாராட்டு இன்டர்நெட்டுக்கு. இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு விளக்கம் தேவையில்லை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சாஃப்ட்வேர் எழுதிய பிரசாந்த் சென்னையில், எங்கள் கம்பெனியில் இருக்கிறான். வாங்கியது ஏரிக்கரைக் குப்பம் ஒன்றின் மீனவர் சங்கம். பழவேற்காட்டில் பிறந்த பாவத்துக்கு நடுவில் நான். ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை கட்டலாம் என்ற முறைக்குப் பாடு என்று பெயர். பட்டியலில் பெயர் இருந்தால்தான் பாடு, பாடு இருந்தால்தான் சோறு. பழைய நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உள்ளே போட்டதில் ஃபைல் நாற்பது ஜிபிக்கு வீங்கி, பட்டியல் அச்சாகாமல் நின்றுவிட்டது. ஃபைலை அனுப்புங்கள், சரிசெய்கிறேன் என்றான் பிரசாந்த்.

மூன்று சதவீதம்

சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து காலையில் அப்லோடு போட்டேன். சாயங்காலம் தொண்ணூற்றேழு சதவீதம். செயலாளர் ஏழுமலை அண்ணன் உள்ளே வந்தார். மைக் செட்டுக்கு பிளக் வேண்டும் என்று மோடத்தைப் பிடுங்கினார். யாருடைய ஆட்டையோ காணவில்லையாம். அறிவித்து முடித்துவிட்டு அவரே திரும்பச் சொருகினார். அப்லோடு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னாத்துக்கும்மா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? மூணு தானே பாக்கி, அத்த நாளிக்கு அனுப்பு.”

பஸ்ஸில் போன ஃபைல்

இன்னும் இரண்டு முறை முயன்று தோற்றபின், ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போக நானே பொன்னேரி பஸ் ஏறினேன். பையைக் காலடியில் வைத்தேன். பக்கத்திலேயே மீன்கூடை. பாதி வழியில் பை நனைந்து சொட்டத் தொடங்கியது. ஒரு ஊரின் பிழைப்பே இதற்குள் இருக்கிறது, கெட்டுவிட்டால் யார் பொறுப்பு என்று கூடைக்கார அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

“ஐஸ் தண்ணி தாம்மா. மீனே கெடல, உன் டப்பா கெட்டுடுமா?”

பத்து நாள்

கெடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஃபைல் பத்து நாள் பிரசாந்திடம் இருந்தது. அது திரும்பி வரும்வரை சங்கக் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் பதியாதீர்கள் என்று ஏழுமலை அண்ணனிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினார்.

நடுவில் ஊர்க்கூட்டம் வந்தது. தேசப்பன் என்பவரின் அப்பா முந்தின மாதம் இறந்துபோய், ஃபைல் சென்னைக்குப் போகும் முன்பே அவர் பெயர் நீக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மகனைச் சேர்ப்பதாக ஊர் முடிவு செய்தது. ஒத்துக்கொண்ட பெயரைக் கூட்டம் கலைவதற்குள் பதிந்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அண்ணன் சங்கக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஃபைலிலேயே பதிந்தார், என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சரிசெய்த ஃபைலைக் கொண்டுவந்து பழையதன் மேலேயே ஏற்றினேன். பழையதை ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். டிஸ்க்கில் இடமில்லை, எனக்குச் சோம்பல் வேறு. அப்பா பெயரும் போய், மகன் பெயரும் போனது. பின்னால் விஷயம் வெடித்தபோது, ஏன் பதிந்தீர்கள் என்று அண்ணனைக் கேட்டேன்.

“புதுசா தானே பதியக் கூடாதுன்ன? இது அவுங்க நைனா எடம்மா, புதுசு இல்லியே.”

குலுக்கல்

பட்டியல் அழகாக அச்சானது. அச்சாகிவிட்டதே என்ற சந்தோஷத்தில் யாரும் சரிபார்க்கவில்லை. இந்த வருஷம் யாருக்கு எந்தப் பாடு என்று சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். கடைசிச் சீட்டையும் எடுத்த பிறகு தேசப்பன் எழுந்து, என் பெயர் எங்கே என்றார். நோட்டுக் காலத்தில் இடையில் யாரோ பெயரைச் செருகி அடிதடியானதிலிருந்து, அச்சான பட்டியலில் கையால் ஒரு எழுத்தும் சேர்க்கக் கூடாது, எடுத்த சீட்டைத் திரும்பக் குலுக்கவும் கூடாது என்று கட்டுப்பாடு. அவர் பெயரைச் சேர்த்ததற்கு ஊரே சாட்சிதான், ஆனாலும் ஒரு வருஷத்துக்கு, அடுத்த குலுக்கல் வரை, அந்த வீட்டுக்குப் பாடு இல்லை. தப்பு என்னுடையது என்று எழுந்து சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, எதுவும் மாறவுமில்லை.

இப்போது அவர் லைட்ஹவுஸ் குப்பத்தில் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். பஸ் ஸ்டாண்டில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாகத்தான் பேசினார்.

“எங்க நைனா பேரு இருவது வருஷம் நோட்டுல இருந்துச்சிக்கா. அத்த யாரும் எந்த ஊருக்கும் அனுப்பல.”

குலுக்கலுக்கு முந்தின நாள் நான் கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கையில் ‘ஃபைல் பிழையின்றி ஏற்றப்பட்டது’ என்று இருக்கிறது, சக பாவிகளே, அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.