எடுக்கக் கூடாத அழைப்பு

தினமும் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நான் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளை மாதிரி. போர்ச்சுகலில், போர்ட்டோ நகரத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் ஷூ ஃபேக்டரியில், எங்கள் சூப்பர்வைசரும் அப்படித்தான் நினைத்தார். முதல் வாரம் ‘போய் வா’ என்று தலையாட்டினார். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். கையில் கட்டியிருக்கும் கடிகாரத்துக்குப் பயந்துதான் கையைத் தூக்குகிறேன் என்று விளக்குகிற அளவுக்கு எனக்குப் போர்ச்சுகீசு வராது. வந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. ஆம்பூர்ப் பக்கம் கம்பெனி பஸ் ஏறிய உங்களுக்குச் சொன்னால் புரியும்.

கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தது என் வீட்டுக்காரர். வேலை நேரத்தில் போனைத் தொடக் கூடாது, சத்தமில்லாமல் பைக்குள் கிடக்க வேண்டும் என்பது இந்த ஃபேக்டரியின் சட்டம். “இதக் கட்டிக்கோ செல்வி, யார் கூப்பிட்டாலும் கையிலயே தெரியும்” என்றார். தெரிந்தது, தேவைக்கு மேலேயே தெரிந்தது. யாராவது கூப்பிட்டால் மணிக்கட்டுக்குள் வண்டு புகுந்த மாதிரி குடைகிறது. போனை எடுத்துப் பேச ஆரம்பித்த பிறகும் இது தன் பாட்டுக்குக் குடைந்துகொண்டிருக்கிறது. பாத்திரம் கழுவினால் தண்ணீர் தெறித்துத் தானாகவே அழைப்பை எடுத்துவிடுகிறது. அரிசிக் கடைக்காரருக்கு நான் வீட்டுக்காரரைத் திட்டிய திட்டு முழுவதும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டால் அதன் கை மடிப்பு பட்டு அழைப்பைத் துண்டித்துவிடுகிறது. மொத்தத்தில் பெரிய பேஜார்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அழைப்பு வந்தால் கடிகாரம் இரண்டு பொத்தான்களைக் காட்டுகிறது. பச்சையைத் தொட்டால் எடுக்கலாம், சிவப்பைத் தொட்டால் துண்டிக்கலாம். எனக்கு வேண்டியது இரண்டும் இல்லை. எனக்கு வரும் முக்கியமான அழைப்பை எடுக்கவும் கூடாது, துண்டிக்கவும் கூடாது. அது என் அக்காவின் மிஸ்டு கால்.

நானும் அக்காவும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில், ஒரே மேஜையில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை பார்த்தோம். சொல்யூஷன் என்றால் பசை. மாதனூரில் ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டதால் போக வர ஒரே கம்பெனி பஸ். சாயந்திரம் பஸ் கிளம்பியதும் உள்ளே இருக்கிற அத்தனை பெண்களும் போனை எடுத்து வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். கம்பெனி விட்டாச்சு, பஸ் ஏறியாச்சு, உலை வை என்று அர்த்தம். எடுத்துப் பேசினால் அந்த வீட்டு ஆளுக்கு விவரம் போதாது என்று பஸ்ஸே சிரிக்கும். பேசக் காசு ஆகாத காலம் வந்தும் யாரும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. நீ உன் வேலையைப் பார், நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல இதைவிட மரியாதையான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரருக்குப் போர்ச்சுகலில் தோல் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. என்னையும் இங்கே ஒட்டுகிற வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். அக்காவிடம் சொன்னபோது தூரிகையைப் பசை டப்பாவில் குத்தி நிறுத்தினாள். “இங்க இல்லாத ஷூவாடி அங்க இருக்குது? டப்பாவ எந்த ஊர்ல தொறந்தாலும் இதே நாத்தம்தான்” என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. ஊரே மீனம்பாக்கம் வரை வேன் வைத்து வழியனுப்ப வந்தது, அவள் வரவில்லை. இங்கே இறங்கியதும் கூப்பிட்டேன், துண்டித்துவிட்டாள். நாற்றத்தைப் பொறுத்தவரை அவள் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ளக்கூட எனக்கு வாய்ப்புத் தரவில்லை.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், அதாவது ஆம்பூரில் கம்பெனி விடுகிற நேரம், சட்டம் தெரியாமல் சத்தத்தோடு வைத்திருந்த போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. அக்கா பஸ் ஏறிவிட்டாள். நான் போய் உலை வைக்கவா முடியும்? ஆனாலும் எனக்கும் ஒன்று கொடுத்தாள். கழிவறையில் போய் அழுதேன். சாப்பாட்டு நேரத்தில் பதிலுக்கு ஒன்று கொடுத்தேன். மூன்று வருடமாக நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மிஸ்டு கால் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

கடிகாரம் வந்து அதைக் கெடுக்கப் பார்த்தது. ஒரு நாள் ஸ்வெட்டர் பட்டு அழைப்பு துண்டானது. நான் வேண்டுமென்றே வெட்டிவிட்டதாக அக்கா நினைத்திருக்க வேண்டும், சில நாள் அழைப்பே வரவில்லை. அது மறுபடி வந்ததிலிருந்துதான் இந்தக் கை தூக்கும் விரதம். அதிர்வு ஆரம்பித்ததும் ஸ்வெட்டர் மடிப்பு படாதபடி தூக்கிவிடுவேன், அடித்து ஓய்ந்ததும் இறக்குவேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடலாமே என்பீர்கள். சாயந்திரம் போனைத் திறந்து, கூப்பிட்டிருக்கிறாள் என்று பார்ப்பதும், அவள் பஸ் ஏறுகிற அதே நொடியில் கையில் உணர்வதும் ஒன்றா?

பக்கத்து மேஜையில் வேலை செய்பவர் பெயர் ஃபாத்திமா, ஐம்பது வயது இருக்கும். ஆம்பூர்க்காரியின் புத்தி ஆம்பூர்க்காரியின் புத்திதான். ரம்ஜான் மாதத்தில், பாவம் நோன்பு இருப்பாரே என்று என் டப்பாவை அவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்துச் சாப்பிட்டேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பன்றிக்கறி வைத்த ரொட்டியைக் கடித்தார். இந்த ஊரில் அது மாதாவின் பெயராம். அவரும் என்னைப் பற்றித் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. கடிகாரத்தில் தினமும் பெயர் தெரிகிற இந்த ‘அக்கா’ யார், ஏன் எடுப்பதில்லை என்று ஒருமுறை கேட்டார். “வேண்டாம். எடுத்தால் கோபம்” என்று எனக்குத் தெரிந்த போர்ச்சுகீசில் சொன்னேன். ஏதோ விற்கிறவர்கள் போனில் தொல்லை கொடுக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

ஒரு நாள் என் இரண்டு கையிலும் பசை. கடிகாரம் குடைந்தது. நான் கையைத் தூக்குவதற்குள் ஃபாத்திமா என் மணிக்கட்டைப் பிடித்துப் பச்சையை அழுத்தி, “ஷ்தோ!” என்று கத்தினார். இங்கே ஹலோவுக்குப் பதிலாகச் சொல்லும் வார்த்தை அது. தொடர்ந்து, இந்தப் பெண்ணுக்கு எதுவும் வேண்டாம், நிம்மதியாக விடு என்று பொரிந்து தள்ளினார்.

நம் ஊரில் ஒருவருடைய போனை முன்பின் தெரியாத குரல் எடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஆக்சிடெண்ட். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி.

“ஹலோ! யாருங்க? இது எங்க தங்கச்சி போனுங்க. செல்விக்கு இன்னா ஆச்சு? ஐயோ, யாராவது சொல்லுங்களேன்!”

மூன்று வருடத்துக்குப் பிறகு என் அக்காவின் குரல். பின்னால் பஸ் மொத்தமும் “இன்னாக்கா, இன்னா ஆச்சு?” என்கிறது.

“அக்கா, நான்தான்! எனக்கு ஒண்ணும் ஆகல!”

“அப்ப யாரு எடுத்தது?”

“பக்கத்து டேபிள் அம்மா.”

“அறிவிருக்காடி உனக்கு? உசுரே போய்ட்ச்சி” என்றாள். துண்டித்துவிட்டாள்.

மறுநாள் அழைப்பு வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. குரலைக் கேட்ட சந்தோஷத்தில் மிஸ்டு காலையும் பறிகொடுத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. நீயே கூப்பிட்டுப் பேசேன் என்றார் வீட்டுக்காரர். அவள் மறுபடியும் துண்டித்தால் அதைத் தாங்கும் தைரியம் எனக்கு இல்லை. விஷயம் புரிந்த ஃபாத்திமா கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். முட்டையில் செய்த இனிப்புப் பணியாரங்களைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தார். நான் கையைத் தூக்காததைப் பார்த்த சூப்பர்வைசர், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் மணிக்கட்டு குடைந்தது. கையைத் தூக்கினேன். ஒரு முறை அடித்தது, இரண்டு முறை அடித்தது, நிற்கவில்லை. அக்கா துண்டிக்கவில்லை. சட்டென்று புரிந்து கையை இறக்கிப் பச்சையைத் தொட்டேன். விரலில் பசை. தண்ணீர்ச் சொட்டுக்கெல்லாம் வாயைத் திறந்த அந்தக் கடிகாரம் என் விரலை மதிக்கவே இல்லை. தேய்த்தேன், குத்தினேன், கெஞ்சினேன். அடித்து ஓய்ந்தது. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் எழுந்து போக, நான் விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பக் கூப்பிட்டேன்.

“ஏண்டி எடுக்கல?” என்றாள்.

“கையில சொல்யூஷன்க்கா.”

“தொடச்சிட்டு எடுக்கறதுக்கு இன்னா?” பிறகு பஸ் இரைச்சலுக்குள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அன்னிக்கு பஸ்லயே அழுதுட்டேன்டி. எல்லாம் பாத்துட்டாளுங்க. இனிமே இன்னா வீம்பு வேண்டிக் கெடக்குது?”

அவ்வளவுதான் எங்கள் சமாதானம். பிறகு மழை, மாமாவின் முழங்கால் வலி, புது லைன் மேனேஜரின் ஜம்பம், இங்கே முருங்கைக்காய் கிடைக்குமா என்ற விசாரணை. “நாத்தம் ஜாஸ்தியா கம்மியா?” என்று கேட்டாள். “அதேதான்க்கா” என்றேன். சிரித்தாள். காலி மேஜைகளுக்கு நடுவே மணிக்கட்டை வாயருகே வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். டிரைவரின் ஹாரனும் பெண்களின் கூச்சலும் என் கைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. பேச்சுக்கு நடுவே டிரைவரின் குரல் கேட்டது. “மாதனூர்! எறங்கறவங்க முன்னாடி வாங்க!”

சாப்பாடு முடிந்து திரும்பி வந்த ஃபாத்திமா, எங்கே போகிறாய் என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிரேக் போட்டால் விழாமலிருக்க மேஜை விளிம்பைப் பிடித்தபடி நான் எழுந்து நின்றிருந்தேன்.