சேனாதிபதிக்காக ஓராண்டு ஜெபித்தோம்

அன்னக்கொடியக்கா எங்கள் சபைக்கு வந்தது ரட்சிப்புக்காக அல்ல, பழிவாங்க. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் விண்ணப்பச் சீட்டுகளை வாசிக்கிறவள் நான். அவள் கதையில் பெரிய முட்டாள்தனம் செய்தவளும் நான்தான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவளுடையது. செண்பகனூருக்குக் கீழே வீடு, காரட் காட்டில் கூலி வேலை. புருசன் இருளப்பன், நாயுடுபுரம் சேனாதிபதியின் பிக்கப் வண்டியில் கிளீனர். ஏழு வருசத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், வேலையாட்களை ஏற்றி வந்த அந்த வண்டி வளைவில் கவிழ்ந்தது. பின்னால் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்த கந்தம்மாள் அங்கேயே செத்தாள். ஓட்டியவன் சேனாதிபதி. ஆனால் லேசான சிராய்ப்போடு எழுந்து வந்தவன் என்ன சொன்னான் தெரியுமா? "லைசென்ஸ் இல்லாத பய. வேண்டாம்டா வேண்டாம்டான்னு சொல்லச் சொல்லக் கேக்காம இருளப்பன்தான் ஓட்டுனான்." தார்ப்பாய்க்குள் இருந்த யாரும் எதையும் பார்க்கவில்லை. பாவி, வாய் கூசாமல் சொன்னான்.

இருளப்பன் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உயிரோடு இருந்தான். "நான் ஓட்டலடி" என்று பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். பெண்டாட்டி சொன்னால் ஊர் நம்புமா? கந்தம்மாளின் புருசன் வேலுச்சாமி, அன்னக்கொடி தெருவில் வந்தாலே கதவைச் சாத்தினான். குழாயடியில் பெண்கள் அவளுக்கு இடம் விடவில்லை. கொலைகாரன் பெண்டாட்டியாம். சேனாதிபதி தன் வாயால் "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதலில் காளி கோயிலில், அவன் நாசமாகப் போகட்டும் என்று காசு வெட்டிப் போட்டாள். ஆறு மாசமாகியும் சேனாதிபதிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அந்த மார்கழியில் எங்கள் சபையார் வீடு வீடாகக் கம்பளி கொடுக்கப் போனபோது, ஆண்டவர் நியாயம் விசாரிக்கிறவர் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

"எத்தன நாள்ல விசாரிப்பாரு?" என்று கேட்டாளாம்.

அடுத்த ஞாயிறு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஞானஸ்நானத்தில் பாஸ்டர் கிரேஸ் என்று பெயர் வைக்கப் போனார். "வேணாங்க ஐயா. பேரு மாறிட்டா யாருக்கு நியாயம் செய்யணும்னு ஆண்டவர் கொழம்பிரக் கூடாது" என்று சொல்லிவிட்டாள்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, விண்ணப்பங்களுக்காக வைத்திருக்கும் பிஸ்கட் டின்னில் ஒரு சீட்டுப் போடுவாள். அதில் ஒரே சொல்: சேனாதிபதி. வெள்ளிக்கிழமை காட்டு வேலை இருப்பதால் ஜெபத்துக்கு வரமாட்டாள். எங்கள் சபையில் வெறும் பெயர் மட்டும் எழுதியிருந்தால் நோயாளி என்று அர்த்தம். எந்த சேனாதிபதி என்று நான் யோசித்தேனா? கிடையாது. "இந்த சகோதரனுக்கு சுகத்தையும் பெலத்தையும் தாரும் ஆண்டவரே, கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும்" என்று உரக்க வாசித்தேன். நாற்பது பேர் கையை உயர்த்தி, கண்ணீர் விட்டு ஜெபித்தோம். ஒரு வருசம்! அந்த வருசத்தில் சேனாதிபதி இரண்டாவது வண்டி வாங்கினான், வீட்டுக்கு மாடி கட்டினான்.

ஒரு வெள்ளிக்கிழமை மழையால் காட்டு வேலை இல்லை. அன்னக்கொடியக்கா வந்து கடைசியில் உட்கார்ந்தாள். நான் வாசித்து முடித்ததும் நனைந்த முக்காட்டோடு எழுந்து நின்றாள்.

"அடிப்பாவி சத்தியா! நீயாடி இத்தன நாளா அவன வாழ வச்ச?"

என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. விவரத்தை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். பாஸ்டரிடம் போய், "ஐயா, செஞ்ச ஜெபத்தத் திருப்பி எடுக்க முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்றார். மூன்று வாரம் சபைப் பக்கமே வரவில்லை. நாலாவது வாரம் வந்தாள். "கோவத்த வேற யாருகிட்டப் போய்க் காட்ட? அவருகிட்டயே சண்ட போட்டுப் பழகிருச்சு" என்றாள்.

போன வருசம் சேனாதிபதிக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. அன்னக்கொடியக்கா ஒரு கிலோ ஜிலேபி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். நானும் இரண்டு தின்றேன், எதற்குப் பொய்?

படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, புண் துடைத்து, ஜெபித்துவிட்டு வர எங்கள் சபையில் ஒரு குழு உண்டு. சேனாதிபதியின் பெண்டாட்டி சுதாராணி வந்து உதவி கேட்டாள். "அந்த வீட்டுக்கு நான் போறேன்" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கியது யார் என்று சொல்லவும் வேண்டுமா? கழுத்தை நெரித்துவிடுவாளோ என்ற பயத்தில் நானும் கூடப் போனேன்.

நெரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் வெள்ளனே போய், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, அவனைப் புரட்டிப் போட்டு முதுகுப் புண்ணைப் பூப்போலத் துடைத்தாள். எனக்கே வயிறு எரிந்தது. போகப் போக வேறு ஏழு வீடுகளுக்கும் போக ஆரம்பித்தாள். அங்கெல்லாம் அவளுக்குத் தீர்க்க ஒரு பழியும் இல்லை. கிழவிகளுக்குத் தலை வாரி, பேசிச் சிரித்துவிட்டு வருவாள்.

வேலை முடிந்ததும், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று நோயாளியிடம் கேட்பது எங்கள் வழக்கம். சேனாதிபதி குழறிக் குழறி, "கை காலு வரணும்" என்பான்.

"வேற எதுவும் இல்லீங்களா முதலாளி?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அவள் கண்ணை எடுக்காமல் நிற்பாள். ஏழு மாசம், ஒரு செவ்வாய் விடாமல், அதே கேள்வி. செவ்வாய் என்றாலே ராத்திரியெல்லாம் அவர் தூங்குவதில்லை என்று சுதாராணி என்னிடம் அழுதாள். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய், அவள் கேட்பதற்கு முன்பே அவன் அழுதான். "வண்டிய... நாந்தான் ஓட்டுனேன். மன்னிச்சிரு தாயி."

சுதாராணி பாய்ந்து வந்தாள். "ஒடம்பு முடியாத மனுசன் எதையோ ஒளறுது. அதப் போயி..."

"ஒளறலடி" என்றான் அவன், தெளிவாக.

அன்னக்கொடியக்கா கையைத் துடைத்தாள். "முதலாளி, ஒங்க பீ மூத்திரம் அள்ளுவேன். சாகுற வரைக்கும் அள்ளுவேன். மன்னிப்பு மட்டும் கேக்காதீங்க, என்கிட்ட இல்ல. சத்தியா, வீல்சேர எடு. வெரசா!"

"எங்க கொண்டு போற?" என்று அலறினாள் சுதாராணி.

"எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத் தெரிஞ்சதுதான். வேலுச்சாமி அண்ணங்கிட்டச் சொல்லட்டும்."

சேனாதிபதியே தலையை ஆட்டினான். தூக்கி உட்கார வைத்தோம். நாயுடுபுரம் மேட்டைத் தெரியாதவர்களுக்கு அந்தச் சிரமம் புரியாது. மூச்சு வாங்க, சாரலில், அவள் ஒருத்தியாகத் தள்ளினாள். நான் கை வைத்தபோது தட்டிவிட்டாள். "ஒனக்கு இதுல சோலி இல்ல." தெருவே வெளியே வந்து பார்த்தது.

வேலுச்சாமி கதவைத் திறந்தான். அவளைப் பார்த்ததும் சாத்தப் போனான். அதற்குள் சேனாதிபதி குழறிக் குழறிச் சொல்லிவிட்டான். "சத்தமா" என்றாள் அவள். மறுபடியும் சொன்னான். குழாயடிவரை கேட்டது.

வேலுச்சாமி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்னக்கொடியைத்தான் பார்த்தான், சாத்தப் போன கதவை அகலத் திறந்தான்.

"உள்ள வா தாயி" என்றான்.

வீல்சேரின் பிரேக்கைக் காலால் அழுத்திவிட்டு, சேனாதிபதியைச் சாரலிலேயே விட்டுவிட்டு, அன்னக்கொடியக்கா உள்ளே போனாள்.