பாம்புப் பெட்டியின் மின்குமிழ்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் கௌரவம். மின்பொறியியலில் பட்டம் வாங்கியவன் நான். எரிகிற மின்குமிழ் சுடும் என்பதை மறந்து ஒரு பாம்பைச் சாகடிக்கப் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணின் புறநகரான நோபல் பார்க்கில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரன் ஓர் அவுஸ்திரேலியன், வரைபடம் கீறுபவன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எல்லோரும் என்னைத் தள்ளியிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தன் சான்ட்விச்சில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளியவன் அவன். அங்கே எனக்கு இருந்த ஒரே நண்பன்.

அவன் வீட்டில் ஒரு மலைப்பாம்பு வளர்த்தான். ஏழடி நீளம், உடம்பெல்லாம் கம்பளத்துக் கோலம். அதைப் பற்றிப் பேசினால் அவன் குரலே குழைந்துவிடும். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்கள் ஊரில் பாம்பு என்றால் பூனை மாதிரி" என்று அளந்துவிட்டேன். உண்மையில், ஊரில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் என் பொறுப்பு கதிரையில் ஏறி நின்று கத்துவது மட்டுமே.

அங்கே குளிர்காலமான ஆகஸ்டில் அவன் மூன்று வாரம் குயின்ஸ்லாந்துக்குப் புறப்பட்டான். கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றான். "சாப்பாடு கொடுத்தாயிற்று, மூன்று வாரம் தாங்கும். தண்ணீர் மட்டும் வை. உள்ளே பல்ப் எரியட்டும். உன்னை நம்பித்தான் போகிறேன்" என்றான்.

பெட்டியைப் பின்னறையில் வைத்தோம். மனைவி அந்த வாசலைத் தாண்டவே இல்லை. நானோ, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் தெருமுனை வரை கேட்கும்படி ஏசுகிற அப்பாவுக்குப் பிறந்தவன். இரவு படுக்கப் போகும்போது கை தானாகவே அந்தச் சுவிட்சுக்குப் போகும். கண்ணைக் குத்தும் வெளிச்சத்தில் அது எப்படித் தூங்கும் என்ற இரக்கமும் சேர்ந்துகொண்டது. அணைத்துவிட்டு வந்து, இரண்டு போர்வைக்குள் நுழைந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்பதாம் நாள் காலை பார்த்தால், தின்றதைக் கக்கிவிட்டு, தலையை மேலே தூக்கி வாயைத் திறந்தபடி கிடந்தது. மூக்கில் சளிக் குமிழ்கள். மூச்சு விடும்போது விசில் போல ஒரு சத்தம்.

வாசலில் நின்றபடி மனைவி கேட்டாள்: "என்ன இழுப்புச் சத்தம் கேக்குது, உங்களுக்கே?"

"எனக்கில்லை. அதுக்கு."

"ஐயோ! அந்தப் பெடியன் வந்து கேட்டா என்ன சொல்லப்போறியள்?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. மிருக வைத்தியர்களுக்கு ரெலிபோன் எடுத்தேன். முதலாமவர், "நாய், பூனை. மாடென்றாலும் பரவாயில்லை" என்று வைத்துவிட்டார். இரண்டாமிடத்தில் பேசிய பெண் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, த பேசின் என்ற ஊரில் வீடு நிறையப் பாம்பு வளர்க்கும் ஒரு மூதாட்டி இருப்பதாக இலக்கம் தந்தாள். மூதாட்டி ஒரே மூச்சில் பேசினார்: "சூடாகச் சுற்று. இப்போதே கொண்டு வா."

என் காரின் ஹீற்றர் எப்போதோ காலமாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டேன். "மூட்டையை நான் பிடிச்சால் கார் ஆர் ஓடுறது?" என்றேன். மனைவி ஒருதரம் கூரையைப் பார்த்தாள். பிறகு முன்னறைக்குப் போய், தோசை மா புளிப்பதற்காக ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்த பானையில் சுற்றியிருந்த என் பழைய ஸ்வெட்டரை உருவி வந்தாள். மூட்டையை அதனால் சுற்றி, சுடுதண்ணிப் பையையும் வைத்து, மடியில் ஏற்றிக்கொண்டாள்.

"ஓடுங்கோ. என்னோட கதைக்காதேங்கோ."

மூதாட்டி றப்பர் பூட்ஸோடு வெளியே வந்தார். பாம்பைத் தோளில் போட்டு, அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"பெட்டியில் பல்ப் இருக்கிறதா?"

"இருக்கிறது. இரவில் அணைத்துவிடுவேன். தூங்க வேண்டுமே."

"அதுதான் இதற்கு அடுப்பு. இந்தப் பிராணிக்குச் சொந்தச் சூடு கிடையாது. குளிரில் போட்டு நெஞ்சுச் சளி பிடிக்க வைத்திருக்கிறாய்." பிறகு கேட்டார்: "நீ என்ன வேலை பார்க்கிறாய்?"

பொய் சொல்ல ஒரு நொடி யோசித்தேன். "மின்பொறியியலாளர்."

பக்கத்தில் நின்ற மனைவியிடமிருந்து தமிழ் வந்தது: "தோசை மாவுக்கு ஹீற்றரும் ஸ்வெட்டரும். உயிருக்கு ஒண்டுமில்லை."

பாம்பு பார்க்கத் தெரிந்த வைத்தியர் ஒருவரை மூதாட்டி அழைத்தார். அவர் வந்து ஊசி போட்டு, இன்னும் இரண்டு ஊசிக்கு நாள் குறித்தார். ஒரு கிழமை தாண்டினால் தப்பும் என்றார்.

அந்த ஒரு கிழமை வீட்டில் எனக்கு அதிகாரம் எதுவும் இருக்கவில்லை. மனைவி பெட்டியை முன்னறை ஹீற்றருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். உள்ளே தெர்மோமீற்றரைத் தொங்கவிட்டாள். நான் தொடாதபடி சுவிட்சின் மேல் பிளாஸ்டரை ஒட்டினாள். ஒரு பக்கம் மாப்பானை, மறுபக்கம் பாம்பு. இரண்டையும் ஒரே கவனத்தோடு எட்டிப் பார்த்தாள். ஆறாம் நாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது கத்தினாள்: "இஞ்சருங்கோ! சத்தத்தைக் காணேல்லை, நாக்கு நீட்டுது!" ஈரத் தலையோடு ஓடி வந்தேன். அது என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. எனக்கு அது வேண்டியதுதான்.

நண்பன் திரும்பி வந்தபோது பாம்பு பளபளவென்று இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் அவனுக்குத் தெரியப்போவதில்லை. மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லவோ?"

சொன்னேன். சுவிட்ச், இரண்டு போர்வை, கதிரை எல்லாம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. பாம்பை எடுத்து விலாவில் காதை வைத்து, வெகுநேரம் கேட்டான். பிறகு சுவிட்சின் மேலிருந்த பிளாஸ்டரைப் பார்த்தான்.

இருந்த துணிவை எல்லாம் சேர்த்துக் கேட்டேன்: "அடுத்த முறை போகும்போதும் என்னிடம்தானே விடுவாய்?"

"உன் மனைவியிடம்" என்றான்.