சுடுகாட்டைக் கடந்த வெளிச்சம்

தார்ச்சாலையில் கானல் நெளிவதைப் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எண்பதுகளின் கடைசியில் அந்த நெளிவை அளப்பதுதான் என் சோறு. போடிக்கு மேலே ஏலத்தோட்டச் சரிவில் ஒரு விளக்கு. கீழே ராசிங்காபுரம் பக்கம் ஒரு மொட்டை மாடியில் அதைப் பார்க்கும் கருவி. நிலத்திலிருந்து சூடு எழுந்தால், கடந்து வரும் ஒளி துடிக்கும். துடிப்பு கூடக்கூட, கருவியில் ஓடும் தாளில் பேனா துள்ளும். அதிலிருந்து சூட்டைக் கணக்கிடுவோம்.

மேலே விளக்கை அசையாமல் பார்த்துக்கொண்டவர் ராசிங்காபுரத்துக்காரர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் 'சார்' என்பார். பேசிக்கொள்ள வயர்லெஸ் பெட்டி இருந்தது.

பத்து நாள் மேகமூட்டத்துக்குப் பிறகு வானம் வெளுத்த ஒரு காலையில், அவருடைய அண்ணன் சைக்கிளில் வந்து நின்றார்.

"ஆத்தா போயிருச்சு சார். தம்பிய வெரசா எறங்கி வரச் சொல்லுங்க. தாய்க்குக் கடைசி மகன்ல கொள்ளி வைக்கணும். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும்."

"இப்பவே சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. உச்சிவெயில் அளவு கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். நடுவில் மேலிருந்து தம்பியே வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"வெளிச்சம் சரியா விழுகுதா சார்?"

"விழுகுது. ஆடாமப் பாத்துக்குங்க."

என்ன மனுஷன் நான்!

மூன்று மணிக்குத்தான் சொன்னேன், அப்போதுதான் சேதி வந்ததுபோல. விளக்கை எரியவிட்டபடியே அவர் இறங்கினார். இறங்கி வர மூன்று மணி நேரம் ஆகும். ஐந்துக்கு மேல் ஊரார் பொறுக்கவில்லை. அண்ணனே கொள்ளி வைத்தார். சுடுகாடு எங்கள் ஒளி கடக்கும் வழியில்தான் இருந்தது. சாயங்காலம் பேனா அடங்கும் நேரம், அன்று அடங்கவில்லை. துள்ளித் துள்ளித் தாளைக் கிழித்தது. நிறுத்தக்கூடக் கை வராமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தம்பி மொட்டைத் தலையோடு மாடிக்கு வந்தார். காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டதை அண்ணன் அவரிடம் சொல்லாமலா இருந்திருப்பார்? மேஜைமேல் தேதி எழுதிக் கிடந்த அந்த நாள் தாளைப் பிரித்து, கிழிந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன சார்?"

"காத்து" என்றேன்.

தாளைக் கசங்காமல் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

"அன்னைக்குக் காத்தே இல்லையே சார். எறங்கி வர்றப்ப பாத்தேன். சுடுகாட்டுல புகை நேரா நின்னுச்சு."