அழிக்கும் முன் ஒரு குரல்

"யாருனா இருக்கீங்களா?" என்று புதர்களைப் பார்த்துக் கூப்பிடுகிறார் வள்ளி. காது கொடுத்துக் கேட்கிறார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்ட பிறகுதான் தின்னரில் நனைத்த துணியைக் கல்லின்மேல் வைக்கிறார். மழைக்காலம் முடிந்ததும் அவரே வரைந்த மஞ்சள் அம்புக்குறி, நாலு தேய்ப்பில் கரைந்து வழிந்துவிடுகிறது.

வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணாமலையைச் சுற்றிப் போகும் அடிவாரத்துக் காட்டுப் பாதைக்கு வந்துவிடுவார். முள் வெட்டுவது, சரிந்த கல்லை ஒதுக்குவது, மலையை வலம் வருகிறவர்களுக்கு வழி தெரியக் குறி போடுவது எல்லாம் இவரும் இன்னும் நாலைந்து பேரும் சம்பளமில்லாமல் செய்கிற வேலை. கோடை வந்தால் தீக்குப் பயந்து பாதையை மூடிவிடுகிறார்கள். குறி இருந்தால் தடுப்பைத் தாண்டியும் ஆள் வரும் என்பதால், போட்டவர்களே அதை அழிக்கவும் வேண்டும்.

"எனக்குப் பயம் ஜாஸ்தி சார்" என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். பாம்புக்குப் பயம், தேனீக்குப் பயம், சருகு அசைந்தாலே நின்றுவிடுகிறார். ஆனால் அதெல்லாம் சில்லறைப் பயம்.

"நேரா போறவங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அவங்களுக்கு முன்னாடி குறி இருக்குது, பின்னாடிதான நான் அழிச்சிக்கினு வர்றேன். கால் வலிக்குதுன்னு ஓரமா எங்கனா குந்தினவங்க இருப்பாங்க பாருங்க, அவங்க திரும்பி வந்தா வெறுங்கல்லு. இன்னா பண்ணுவாங்க?"

போன கோடையில் அப்படித்தான் ஒரு பெரியவர் வழி தெரியாமல் ஓடைப் பள்ளத்தில் இறங்கிவிட்டார். மறுநாள் தூக்கி வந்தபோது உயிர் இருந்தது, பேச்சு இல்லை. அந்தப் பக்கத்துக் குறிகளை அழித்தவர் வள்ளி. அதிலிருந்துதான் அழிக்கும் முன் இப்படிக் கூப்பிடுகிறார். கூட வேலை செய்யும் ஆட்டோக்காரர் தருமன், "அக்கா, கல்லு பதில் சொல்லிச்சா?" என்று கிண்டல் செய்கிறார். வள்ளி சிரிப்பதில்லை.

நான் போயிருந்த அன்று தருமன் அடி அண்ணாமலைப் பக்கம் பாதையை மறித்துக் கயிறு கட்டப் போய்விட்டார். நாங்கள் இருவர்தான். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியது. எதற்கோ திரும்பிப் பார்த்தேன். எங்கும் ஒரே மாதிரிப் புதர், ஒரே மாதிரிக் கல். இப்போதுதான் நடந்து வந்த வழி எது என்று தெரியவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து மெலிதாக ஒரு பெண் குரல் வந்தது. "அம்மா, இங்க குறி எதுவும் காணோமே."

வள்ளியின் கையிலிருந்த தின்னர் பாட்டில் கீழே விழுந்தது. "அங்கியே நில்லுங்கம்மா. நகராதீங்க" என்று கத்தினார். மறுபடி குரல் கேட்டபோது அது இன்னும் தள்ளி, தாழ்வாக, ஓடைப் பக்கமிருந்து வந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. அவர் உதடு வெளுத்திருந்தது.

"இந்தக் கல்லு மேல ஏறி நில்லுங்க சார். நானே தடம் மாறிட்டாலும் உங்கள பாத்துத் திரும்பிடுவேன். விடாம குரல் குடுங்க."

ஏறினேன். என் வலது கையைப் பிடித்து, வெளியே போகும் வழியைக் காட்டும்படி நீட்டிவைத்தார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன. "இறக்கிடாதீங்க" என்று சொல்லி, மடங்கியிருந்த என் முழங்கையை அழுத்தி நிமிர்த்திவிட்டு, வெறுங்கற்களுக்கு நடுவே இறங்கிப் போனார்.