சுவருக்கு அந்தப் பக்கம்

சாந்தோமில் எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம். வீட்டுக்குள் நாற்றம் தாங்காமல்தான் எங்கள் பூனை ரோசியை வெளியே போகப் பழக்கினேன். அது வெளிக்கிருக்கும் மணல் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாசலுக்கு நகர்த்தினேன். பிறகு தட்டை எடுத்துவிட்டு, அந்த அழுக்கு மணலில் ஒரு பிடியைச் சுவருக்கு அப்பால் வீசினேன். மோப்பம் பிடித்து ரோசி சுவரேறிக் குதித்தது. வீடு சுத்தமானது. பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளன்று அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனேன். அப்பாவின் கல்லறை கிரானைட். சுற்றியிருந்தவை சிமென்ட் பூசியவை. சுவரோரம் ஒன்று மட்டும் வெறும் மணல் மேடு, என் கை நீளம்கூட இருக்காது. ரோசி தோண்டுவதற்கு அங்கே வேறு மணல் இல்லை. அதனருகில் ஒரு பெண் குந்திக்கொண்டு, காய்ந்த பூனைப் பீயை வெறுங்கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“எந்த வூட்டுப் பூனையோ தெர்ல” என்றார் என்னைப் பார்த்து.

“கோவம் வரலையாக்கா?”

“இன்னாத்துக்குக் கோவம்? நான் வருசத்துக்கு ஒருவாட்டி வரேன். அதுனாச்சும் எம் புள்ளையாண்ட தெனம் வந்துட்டுப் போவுது.”

அந்த நேரம் பார்த்து ரோசி சுவரிலிருந்து இறங்கி வந்து என் காலில் உரசியது.

“உன்னிய தெரியுமா அதுக்கு?”

“தெரியாதுக்கா” என்று காலை நகர்த்திக்கொண்டேன்.

அவர் பையில் கொண்டுவந்திருந்த புது மணலை மேட்டின் மேல் கொட்டி, தலையைத் தடவுவது போலத் தடவிவிட்டார். ரோசி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தட்டில் மணல் நிரப்பிப் பழைய இடத்திலேயே வைத்தேன். ரோசி முகர்ந்து பார்த்தது. பிறகு பின்வாசல் வழியாகச் சுவரேறிப் போய்விட்டது. நன்றாகத்தான் பழக்கியிருக்கிறேன்.