என் மகன் போன ஹஜ்

நான் வாழ்க்கையில் மிக அதிகமாகப் பொறாமைப்பட்டது என் மூத்த மகனைப் பார்த்துத்தான். பெற்றவள் இப்படி எழுதலாமா என்று கை தயங்குகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் எங்கள் ஊரில் வீடு வீடாக வந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பொருத்தம் கேட்பது என்று அதற்குப் பெயர். நாம் "பொருந்திக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை வருடாவருடம் எத்தனை பேருக்கோ சொல்லியிருக்கிறேன். எனக்காகவும் துஆ செய்யுங்கள் என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிட்டு உள்ளே வந்தால், அடுப்பில் வைத்ததைக் கிளறக்கூட மனம் வராது.

மதரஸா கூடத்தில் போகிற பெண்களுக்கு வகுப்பு நடக்கும். நடுவில் ஒரு நாற்காலியைக் கஅபாவாக வைத்து, அதை ஏழு முறை எப்படிச் சுற்றுவது, எங்கே ஆரம்பிப்பது, எங்கே என்ன ஓதுவது என்று சுற்றிக் காட்டுகிறவள் நான். போகாதவள் நான் ஒருத்திதான்.

கையில் வசதி வந்துவிட்டால் ஹஜ் கடமையாகிவிடும். எங்களுக்கு வந்து ஐந்தாறு வருடமாகியிருந்தது. ஆனால் பெரம்பலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் கணவர் ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "ரெண்டு குமர வச்சுக்கிட்டு எங்க போறது? கரையேத்திட்டுப் பாப்போம்." குமர் என்றால் கல்யாணமாகாத பெண். கல்யாணமாகாத மகள் இருந்தால் கடமை தள்ளிப்போகும் என்று எங்கேயும் எழுதவில்லை என்று புத்தகத்தைத் திறந்து காட்டினேன். இதை எழுதினவருக்குப் பொட்டப்புள்ள இல்லை போல என்றார். அவர் துணையில்லாமல் நான் தனியாகப் போகவும் முடியாது.

மகன் ரியாத்தில் ரொட்டி கம்பெனியில் வேன் ஓட்டினான். இங்கே இருந்தவரை சுபுஹு தொழுகைக்கு அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப வேண்டும். அவன்தான் போன இரண்டாவது வருடமே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு ஃபோன் செய்து, செவ்வாய்க்கிழமை ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொன்னான். ரூமில் எல்லோரும் போகிறார்களாம், கம்பெனியில் லீவு கொடுத்துவிட்டார்களாம், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதுமாம். சென்னையில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சொன்னான்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"அங்க போனா சொல்லித் தருவாங்கம்மா. கூட்டத்தோட போனா சரி."

ஹஜ்ஜில் வழியெல்லாம் சொல்ல வேண்டிய, 'லப்பைக்' என்று ஆரம்பிக்கும் தல்பியாவாவது தெரியுமா என்றேன். முதல் வார்த்தைக்கு அப்புறம் தெரியாதாம். பக்கத்தில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் ரிசீவரை வாங்கினார். "லப்பைக்குடிக்காட்டுக்காரனுக்கு லப்பைக் சொல்லத் தெரியலைன்னா ஊரு பேரையே மாத்திடுவாங்கடா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிசீவர் திரும்ப என் கைக்கு வந்தபோது அவன் பொருத்தம் கேட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அடுத்த வருஷம் உங்க பேர்ல ஒண்ணு செஞ்சிடறேம்மா. நீங்க இவ்ளோ தூரம் அலைய வேணாம்" என்றான்.

இன்னொருவர் பேரில் செய்யும் ஹஜ் மவுத்தானவர்களுக்காக, அதாவது இறந்துபோனவர்களுக்காக, அல்லது இனி எழுந்திருக்கவே மாட்டார்கள் என்று ஆனவர்களுக்காகச் செய்வது. நான் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவனுக்கு அந்தச் சட்டம் தெரியாது, ஆசையாகத்தான் சொன்னான். ஆனால் என் காதில், உன் பங்கையும் நானே சாப்பிட்டுவிடுகிறேன் என்று சொன்ன மாதிரி விழுந்தது. நான் இன்னும் மவுத்தாகவில்லை என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் ஆட்கள் துஆ கேட்டு வந்தார்கள். மகளுக்குப் பேறுகாலம் நல்லபடியாக ஆக வேண்டும், மருமகனுக்கு விசா வர வேண்டும் என்று. பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன டீச்சர், முகம் இப்பிடி இருக்கு? ஒங்க வயித்துல பொறந்தவன் போறான், நீங்க போன மாதிரிதானே."

"அவன் பல்லு வெளக்குனா என் வாய் நாறாதாக்கா?" என்றேன். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூப்பிட்டான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. பின்னாலேயே வந்த சின்ன மகள் அணைந்திருந்த அடுப்பைப் பார்த்தாள். "பொறாமையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். பரீட்சைக்குப் படிக்கிற வேலையைப் பார் என்று விரட்டினேன். அது வரைக்கும் அதற்குக் கோபம் என்றுதான் நானே பெயர் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பள்ளியில் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டேன். ஹஜ்ஜில் சைத்தானுக்குக் கல்லெறியும் இடத்து நெரிசலைப் பற்றிப் போய் வந்தவர்கள் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவனுக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு அடியிலும் பொறாமை அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன் பேச்சுக்குப் பின்னால் இன்ஜின் சத்தமும் ஆட்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் கேட்டது.

"பஸ் கெளம்புதும்மா. நீங்க பொருந்திக்கிட்டேன்னு சொல்லல. சொல்லலைன்னா நான் ஏறல. பைய எறக்கிட்டேன்."

கடமையான ஹஜ்ஜுக்குத் தாயின் சம்மதம் நிபந்தனை இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். மதரஸா கூடத்தில் பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "முட்டாள், என் சம்மதம் உனக்குத் தேவையில்லை, ஏறு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பான். நான் சொல்லவில்லை. பொருந்திக்கிட்டேன் என்றும் சொல்லவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். பஸ் போய்விடட்டும் என்று நினைத்தேன். அவனை விட்டுவிட்டுப் போகட்டும் என்று, தெளிவாக, வார்த்தை வார்த்தையாக நினைத்தேன்.

அங்கே யாரோ அவனை அவசரப்படுத்தினார்கள். அவன் அவர்களிடம், "இருங்கண்ணே, எங்கம்மா சொல்லட்டும்" என்றான். குரலில் சலிப்பே இல்லை. நான் நல்ல வார்த்தைதான் சொல்லப்போகிறேன் என்று அவ்வளவு நிச்சயம் அவனுக்கு.

"பொருந்திக்கிட்டேன்டா. ஏறு" என்றேன். ஹஜ் செய்கிறேன் என்று மனதில் உறுதி எடுக்கும் நிய்யத்தை எப்படி வைப்பது என்று கேட்டான். சொன்னேன். தல்பியாவையும் ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, பஸ் படியில் நின்றபடி திருப்பிச் சொன்னான். பாதியில் லைன் போய்விட்டது.

போனான், நல்லபடியாக வந்தான். மொட்டைத் தலையோடு எடுத்த ஃபோட்டோவை அனுப்பினான். அடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது, இருபத்து நாலு வயதுப் பையனைப் பெரியவர்களெல்லாம் ஹாஜியார் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் குத்தியது. இன்றைக்கும் குத்துகிறது.

மூத்த மகளுக்கும் சின்னவளுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. போன வாரம் என் கணவர் பெரம்பலூரிலிருந்து ஹஜ் விண்ணப்பப் படிவம் இரண்டு வாங்கி வந்தார். அவருடையதைப் பூர்த்தி செய்துவிட்டார். என்னுடையதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடியை மாற்ற வேண்டும், எழுத்து தெரியவில்லை என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

போகிறவள் எல்லோரிடமும் பொருத்தம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஊர் முழுக்கக் கேட்பது எனக்குப் பெரிய காரியமில்லை. மகனிடம் கேட்டால், "எனக்கு நீங்க என்னம்மா செஞ்சீங்க?" என்பான். பஸ் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் என்று அவனிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கேட்டால் அது பொருத்தம் ஆகாது.

அடுத்த மாதம் லீவில் வருகிறான்.